இறுகாத மூடி

"இந்தப் போத்தலுக்குள்ள நஞ்சு கிடக்கு, சாஜன்" என்று முகைதீன்பாவா போடியார் சொன்ன நேரம் உம்மு பிளேன்ரியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பாதித் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது காலிதீனின் துப்பறியும் நிலையம். பொலிசில் சார்ஜனாக இருந்தவர், மேலதிகாரியோடு முறுகிக்கொண்டு வேலையை உதறிவிட்டு வந்து இதைத் தொடங்கினார். நிலையம் என்று பேர்தான் பெரிது. வருகிற வழக்கெல்லாம் காணாமல் போன ஆடும் ஓடிப்போன சோடியும். நஞ்சு அந்தப் படியில் ஏறியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

உம்மு அவருடைய உதவியாள், காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவள். மருதமுனைக் கைத்தறிப் புடைவையைப் பொட்டணம் கட்டி வீடு வீடாக விற்றுத் திரிந்தவள். கல்முனையிலிருந்து பாலமுனை வரைக்கும் அவள் கால் வைக்காத குசினி கிடையாது. ஆம்பிளைத் துப்பறிவாளன் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் எங்கள் பகுதியில் உள்வாசலில் தொங்குகிற சீலைக்கு அங்கால் போக முடியாது. அங்கால் போவதற்குத்தான் உம்மு. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அதைக் காலிதீன் சம்பளத்தோடு சேர்த்துச் சகித்துக்கொண்டார்.

போடியார் நிந்தவூர்க்காரர். வயல் காணி உள்ளவர், பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர். பொய் சொல்லத் தெரியாத மனிசன் என்று ஊரெல்லாம் பேர். ஒருமுறை தன் மாட்டை விற்கும்போது, வாங்க வந்தவனைக் கூப்பிட்டு, "பின்னங்கால் ஒண்டு நொண்டும், பாத்துக்க" என்று தானே காட்டிக்கொடுத்தவர். குறையை மறைத்து விற்பது ஹராம் என்பது அவருடைய கட்சி. அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத ஆள் நிந்தவூரில் இல்லை. நம்பாத ஆளும் இல்லை.

அவர் சொன்ன கதை இதுதான். மூத்த மகள் முனவ்வறா நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டு போகிறாள். நாலு எட்டு வைத்தால் இளைக்கிறது. ரெத்தம் இல்லை என்று அப்போதிக்கரி இரும்புக் குளிசை கொடுத்தார், டொனிக் கொடுத்தார். ஈரல், முருங்கையிலை எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. மாதக்கணக்காகியும் சொட்டு ரெத்தம் ஏறவில்லை. மருந்தைத் தன் கையால் எடுத்துக் கொடுக்கிறவன் அவளுடைய மாப்பிள்ளை ஜெமீல். பாலமுனைப் பொடியன், பஸ் கொண்டக்டர். எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்து மனிசி வீட்டோடு வந்து இருக்கிறவன். போடியார் பார்க்கும் நேரமெல்லாம் டொனிக் போத்தலின் மூடி தளர்ந்தே கிடக்கிறது. போதாததற்கு மகளுடைய கலியாண மோதிரத்தையும் விரலில் காணவில்லை. கேட்டால் மகள் வாயைத் திறக்கிறாள் இல்லை.

"ஆரோ போத்தலத் துறந்து கலக்கிறான். அந்த வீட்டில வெளி ஆள் அவன் ஒருத்தன்தான். வெள்ளிக்கிழம ஜும்மாக்குப் பிறகு அவன வீட்ட விட்டு இறக்கப்போறன். அதுக்கு முன்ன எனக்கு ஒரு முடிவு வேணும். இளையவள் சுபைறாட நிக்காஹ் பேசி முடிஞ்சு கிடக்கு. அது வரைக்கும் நஞ்சோட படுக்க ஏலா."

காலிதீன் டொனிக்கை மோந்தார். ஒரு துளி நாக்கில் வைத்தார். உம்மு அவசரமாகப் பேப்பரும் பேனையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள், மரண சாசனம் எழுதுவதென்றால் எழுதட்டும் என்று. காலிதீன் அவளைப் பார்க்கவே இல்லை.

"போடியார், நஞ்சு வைக்கிறவன் மூடிய நல்லா இறுக்கித்தான் வைப்பான்" என்றார்.

அந்தப் பேச்சு போடியாருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த நாள் நெல் வாங்க வந்தவர்போலக் காலிதீன் போடியாரின் முன் விறாந்தையில் குந்திக்கொண்டார். உம்மு பொட்டணத்தோடு சீலையை விலக்கி உள்ளே போனாள்.

புடைவை என்றால் அந்த வீட்டிலும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் நடந்தது. போடியாரின் மனிசி ஆசியா உம்மா கை வேலையைப் போட்டுவிட்டு வந்தாள். இளையவள் சுபைறா ஓடி வந்தாள். ஆளுக்கொரு தலைப்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்கி, கஞ்சி எவ்வளவு நூல் எவ்வளவு என்று பார்த்தார்கள். முனவ்வறா கட்டிலில் சாய்ந்திருந்தாள். உதட்டுக்கும் கன்னத்துக்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை. உம்மு ஒரு நீலப் புடைவையை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

முனவ்வறா அதைக் கசக்கவில்லை. முழங்கையால் அணைத்துத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

இத்தனை காலப் புடைவை வியாபாரத்தில் கன்னத்தால் நூல் பார்க்கிற பொம்பிளையை உம்மு கண்டதில்லை. ஒன்றும் சொல்லாமல், தண்ணி குடிக்கிற சாட்டில் குசினிக்குள் போனாள். சீனிப் போத்தல், ஊறுகாய்ப் போத்தல், தேங்காயெண்ணெய்ப் போத்தல், எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லா மூடியும் ஒரு சுற்று தளர்ந்து சும்மா குந்திக்கொண்டிருந்தன. அஸருக்குப் பாங்கு சொன்னது. முனவ்வறா பாயை விரித்துத் தொழுதாள். சுஜூதுக்குக் குனிந்தபோது உள்ளங்கை நிலத்தில் படவில்லை. இரண்டு கையையும் பொத்திப் பிடித்து, முட்டியை ஊன்றித்தான் நெற்றியைக் கீழே கொண்டுபோனாள். எழும்பும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

உம்மு போகிற போக்கில் அவள் பக்கத்தில் குந்தி, காதோடு ஒரு கேள்வியும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

பஸ் தரிப்பில் காலிதீன் ஒரு பக்கம் பார்த்து நின்றார். உம்மு மறுபக்கம் பார்த்து நின்றாள். அந்நிய ஆணும் பெண்ணும் முகம் பார்த்துக் கதைத்தால் அந்தக் கதை அவர்களுக்கு முன்னால் கல்முனை போய்ச் சேர்ந்துவிடும். இப்படி ஆளையாள் பாராமல் கதைத்து இருவருக்கும் பழகிவிட்டது.

கண்டதையெல்லாம் சொல்லிவிட்டு உம்மு கேட்டாள். "டொனிக்கு மட்டும் எண்டா நஞ்சு எண்டு வைப்பம். ஊறுகாய்க்கு ஆரு சாஜன் காக்கா நஞ்சு வைக்கிற? ஆசியா உம்மாட ஊறுகாயத் திண்டா நஞ்சே செத்துப்போகும்."

"மற்றக் கேள்வி கேட்டியா?"

"கேட்டன். உங்களால நான் கேக்காத கேள்வி இந்த ஊரில இல்ல. ஓம், வெளிக்குக் கறுப்பாத்தான் போகுதாம். அட்டக் கரி."

காலிதீன் தலையை ஆட்டினார். இரும்பு தின்றால் கறுப்பாகத்தான் போகும். அப்படியானால் குளிசை அசல்தான். வயிற்றுக்குள்ளும் போகிறது. மாப்பிள்ளை மருந்தை மாற்றவில்லை, மறைக்கவும் இல்லை. கையில் நோவு இருப்பதால் அவளால் மூடியை இறுக்க முடியவில்லை, விரல் வீங்கியதால் மோதிரத்தையும் கழற்றவேண்டி வந்தது என்றால் மற்றதெல்லாம் பொருந்துகிறது. பொருந்தாதது ஒன்றுதான்.

"கை நோவுக்கும் ரெத்தத்துக்கும் என்ன சம்மந்தம், உம்மு? இரும்பு உள்ளுக்குப் போகுது, ரெத்தம் வருகுதில்ல. இடையில ஆரோ நிண்டு மறிக்கிறான்."

அந்த நேரம் அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து பஸ் வந்தது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்தவன் ஜெமீல். மெலிந்த, சிரித்த முகக்காரன். முன்சீட்டில் காலிதீனும் பின்சீட்டில் உம்முவும் ஏறிக்கொண்டார்கள். போகிற வழியெல்லாம் உம்மு அவனைக் கவனித்தாள். வயசாளிகளைக் கைபிடித்து ஏற்றினான். ஒரு பொம்பிளையின் கோழியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான். நஞ்சு வைக்கிறவன் கோழி பிடிக்க மாட்டான் என்று ஒரு சட்டமும் இல்லைதான். ஆனாலும் உம்முவுக்கு அவனைக் கள்ளனாக நினைக்க மனம் வரவில்லை. அதனால் இன்னும் கவனமாகப் பார்த்தாள்.

கல்முனையில் பஸ் திரும்பிப் போகக் கொஞ்சம் நேரம் இருந்தது. ஜெமீல் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பொதியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அங்குமிங்கும் பார்த்து, தமிழர் தெருப்பக்கம் நடந்தான். போன வருசக் கலவரத்துக்குப் பிறகு நம்முடைய ஆட்கள் காரணம் இல்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை. காலிதீன் பின்னால் போனார். உம்மு பொட்டணத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனாள்.

ஒழுங்கை முடிவில் செவ்வரத்தை வேலி போட்ட வீடு. ஜெமீல் கதவைத் தட்டினான். பொட்டு வைத்துப் புடைவை உடுத்த ஒரு பெண் திறந்தாள். பொதியை வாங்கிக்கொண்டு சிரித்தாள். அவன் உள்ளே போனான்.

"சின்ன வீடு" என்றாள் உம்மு. ஆம்பிளைகளை நம்பினால் இதுதான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "ஊருக்கு ஒண்டு, தெருவுக்கு ஒண்டு. பொதிக்குள்ள போடியார்ர மகள்ற மோதிரம்."

"பொதி கருவாடு. எனக்கு இங்க வரைக்கும் மணக்குது. சின்ன வீட்டுக்கு ஆரு கருவாடு கொண்டு போவான்?"

"அதுவும் சரிதான். என்ட மாப்பிள்ள பெரிய வீட்டுக்கே கொண்டுவரல்ல."

வேலிக்கு உள்ளே வாங்குப் பலகையில் நாலைந்து பேர் சுருண்டு குந்தியிருந்ததை அப்போதுதான் கண்டார்கள். ஒரு பிள்ளை இருமியது. உள்ளேயிருந்து ஸ்பிரிட் வாசம் வந்தது. சின்ன வீடாவது மண்ணாங்கட்டியாவது, கதவு திறந்த பெண்தான் டொக்டர் செல்லத்தங்கம், அது அவருடைய வீடு.

காலிதீனும் உம்முவும் உள்ளே வந்ததும் ஜெமீல் எழும்பி நின்றான். மாமனார் அனுப்பிய ஆள் என்று சொல்லாமலே விளங்கிக்கொண்டான். நோயாளியின் கதையை வெளியாளுக்குச் சொல்ல மாட்டேன் என்று டொக்டர் கறாராக நின்றார். ஜெமீல்தான் சொல்லச் சொன்னான். இனி மறைத்து என்ன, பாதி கண்டுபிடித்துவிட்டார்களே என்றான்.

முனவ்வறாவுக்கு மூட்டுவாதம். கை மணிக்கட்டில் தொடங்கி விரல், முழங்கால் என்று மூட்டு மூட்டாக அழற்சி பிடித்திருந்தது. விடிந்து வெயில் ஏறும்வரை விரல் மடங்காது. டொக்டர் அதைச் சொன்னபோது உம்மு மெல்லத் தலையசைத்தாள். காலிதீன் தன் கேள்வியை விடவில்லை. மூட்டில் நோய், சரி. ரெத்தம் எங்கே போனது?

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரவல் வார்த்தை தேடாமல் நேரே சொன்னார்.

"ரெத்தம் எங்கயும் போகல்ல. ஊறுதில்ல. எலும்புக்குள்ள இருக்கிற மச்சையிலதான் ரெத்தம் உண்டாகிற. அதுக்கு இரும்பு வேணும். மூட்டில இப்பிடி நெருப்பு பிடிச்சுக் கிடந்தா, உடம்பு நினைக்கும் கிருமி பூந்துட்டுது எண்டு. கிருமிக்கும் இரும்புதான் சாப்பாடு. அதால உடம்பு உள்ள இரும்பையெல்லாம் அள்ளிப் பூட்டிப் போட்டிரும். மச்சையும் அந்த நெருப்பில சோர்ந்து போகும். ரெத்தத்திட குஞ்சு முத்தாம நிண்டிரும். இவங்க ரெண்டு பேரும் பாலமுனைக்குப் போறம் எண்டு வீட்டில சொல்லிட்டு வந்த அண்டைக்கு, மட்டக்களப்பில அவட மச்சைய எடுத்துச் சாயம் போட்டுப் பாத்தாங்க. இரும்பு கும்பல் கும்பலா அங்கயே கிடக்கு. எடுக்கத்தான் ஆள் இல்ல."

உம்மு சொன்னாள்: "ஊரடங்கு போட்ட நேரம் சங்கக்கடைக் கிட்டங்கி நிறைய அரிசி கிடந்துது. நாங்க பக்கத்து வீட்டில பட்டினி. கள்ளன் வருவான் எண்டு காவல்."

"அதேதான்" என்றார் டொக்டர்.

"அப்ப இன்னும் குளிசை குடுத்தா?"

"நிறைஞ்ச கிட்டங்கிக்கு இன்னும் ரெண்டு மூட்டை. ஊரடங்க எடுத்தாத்தான் அரிசி வெளியில வரும். மூட்டில நெருப்பு அடங்க வேணும். என்னட்ட இருக்கிறது அஸ்பிரின். அது வீக்கத்தக் கொஞ்சம் குறைக்கும், வயித்தப் புண்ணாக்கும். கொழும்பில ஊசி இருக்கு, மாசக்கணக்கா அங்க நிண்டு போட வேணும். அதுவும் சுகமாக்கும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். இவரிட்டக் காசு வாங்கவும் எனக்கு மனம் வாறதில்ல. கருவாடு வாங்கிறன்."

உடம்பைக் காக்கிற காவல்காரனே உடம்பைப் பட்டினி போடுகிறான். பொலிசில் இருந்த காலிதீனுக்கு அது புதிய சங்கதி இல்லை. ஆனால் இவனுக்கு எந்த விலங்கைப் போட்டு எந்தக் கூட்டில் அடைப்பது? கள்ளனைப் பிடிக்கத் தெரிந்த கைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஒரு வழக்கையாவது முழுசாக முடிப்போம் என்று ஜெமீல் பக்கம் திரும்பினார்.

"மூடிய இறுக்கிறதுக்கு அவக்கு ஏலாம இருந்திருக்கு. அதத்தான் உன்ட மாமா நஞ்சு எண்டு நினைச்சிருக்கார்."

ஜெமீல் தலையை ஆட்டினான். "இல்ல காக்கா. இறுக்கிறது இருக்கட்டும், அவவால துறக்கவே ஏலா. நான் முதல் பஸ்ஸுக்குப் போனா பொழுதுபட்டுத்தான் வருவன். அது வரைக்கும் அவக்கு மருந்து, எண்ணெய், சீனி ஒண்டும் எடுக்க ஏலாது. ஆரிட்டயும் கேக்கவும் மாட்டா. அதால சுபஹ் தொழுதுட்டு எல்லா மூடியையும் நான்தான் தளத்தி வச்சிட்டுப் போறன்."

காலிதீன் ஏமாந்தார். அவர் ஊகித்ததற்கு நேர் மாறு. இறுக்க முடியாத கைக்காரி மட்டும் என்றால், வீட்டில் வேறு கையும் இருக்கிறதே, அவர்கள் இறுக்கியிருப்பார்களே, பிறகும் தினம் தினம் எப்படித் தளர்ந்தது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. உம்முவோ வாங்கில் குந்திவிட்டாள். போத்தல் மூடியைத் தளர்த்தி வைப்பதற்காக ஒரு ஆம்பிளை விடியற்காலை குசினிக்குள் போகிறான், அதற்கு அவனுக்குக் கிடைத்த பேர் கொலைகாரன். அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கருவாட்டு மணம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

ஜெமீல் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து முடிச்சை அவிழ்த்தான். மோதிரம் உள்ளே இருந்தது. வீங்கிய விரலிலிருந்து சவர்க்காரம் போட்டு அவன்தான் கழற்றினான். வீட்டில் வைத்தால் கேள்வி வரும் என்று கூடவே வைத்துக்கொண்டு திரிகிறான்.

மாமனாரிடம் போய் இதையெல்லாம் ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற விசயம்தானே என்று உம்மு கேட்டாள். அங்கேதான் முடிச்சு இருந்தது. முனவ்வறா குர்ஆனில் கை வைத்து அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், சுபைறாவின் நிக்காஹ் முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்று. குடும்பத்தில் வாதம் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் விலகிவிடுவார்கள். தங்கச்சிக்கும் வரும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை என்று டொக்டர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். அதை டொக்டர் சொல்லலாம். ஊர் கேட்குமா?

"மாமாவுக்குத் தெரிஞ்சா அடுத்த நாளே மாப்பிள்ள வீட்ட போய், என்ட மூத்தவளுக்கு இன்ன நோய், பாத்துக்கங்க எண்டு சொல்லிப்போடுவார்" என்றான் ஜெமீல். "மாட்டுக்கே சொன்னவர்."

அடுத்த நாள் உம்மு மறுபடியும் பொட்டணத்தோடு போனாள், முனவ்வறாவின் மனதை மாற்றுகிறேன் என்று. ஆசியா உம்மா கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து, தெரிந்ததையெல்லாம் சொல்லி, நாளைக்கு வெள்ளிக்கிழமை, உன்னுடைய மாப்பிள்ளையை இறக்கப் போகிறார்கள், வாயைத் திற என்று கெஞ்சினாள். முனவ்வறா தன் கைகளை மடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சுபைறாக்கு இது மூணாவது பேச்சு, ராத்தா. முந்தின ரெண்டும் முறிஞ்சு போச்சு. இதுவும் என்னால முறிஞ்சா அவள் முகத்தில நான் எப்பிடி முழிக்கிற? அவர் ஆம்பிள, தாங்குவார். நிக்காஹ் முடிஞ்ச அண்டே நான் போய் வாப்பாட காலப் பிடிச்சுச் சொல்லி அவரக் கூட்டிக்கு வருவன்." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "என்ட மனிசன நானே விரட்டுறன். எனக்கு வேற வழி தெரியல்ல. உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க."

உம்மு விரிக்காத பொட்டணத்தை மறுபடியும் இறுக்கிக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போடியார் விறாந்தையில் வந்து குந்தினார். காலிதீனும் வந்திருந்தார். உம்மு சீலைக்கு உள்பக்கம் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் முனவ்வறா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நஞ்சு இல்லை என்று காலிதீன் சொன்னார். மருந்து அசல், மாப்பிள்ளை மாற்றவில்லை, மோதிரம் விற்கவும் இல்லை, அது பத்திரமாக இருக்கிறது, மகள் அறிந்துதான் கழற்றியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் பக்கம் சத்தியம் இருந்தது. ஆனால் பாதிச் சத்தியத்தைச் சொல்கிற ஆளின் குரல் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். போடியார் பொய் பேசாதவர், அதனால் பிறர் விழுங்குவதை உடனே பிடித்துவிடுவார்.

"அப்ப மூடி ஏன் தளருது?"

காலிதீன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரி, அத விடுவம். என்ட புள்ளட ரெத்தம் எங்க போகுது? அத மட்டும் சொல்லுங்க சாஜன்."

காலிதீன் சீலையைப் பார்த்தார். ஒரு சொல் போதும். உள்ளேயிருந்து அந்தப் பிள்ளை வந்து சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. உம்மு அவளுடைய தோளைத் தொட்டாள். தோள் கொதித்தது.

"தெரியா, போடியார்" என்றார் காலிதீன்.

துப்பறியும் காலிதீன் தெரியா என்று சொன்னதை உம்மு அன்றுவரை கேட்டதில்லை. செருப்பால் அடித்தாலும் அவளுக்கு அவ்வளவு நொந்திருக்காது.

ஜெமீல் அவனே பெட்டியோடு வெளியே வந்தான். சண்டை பிடிக்கவில்லை. மாமனாருக்கு ஸலாம் சொன்னான். சீலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு முற்றத்தில் இறங்கினான். போடியார் ஸலாத்துக்குப் பதில் சொன்னார், சொல்லாமல் விடுவது அவருடைய வழக்கம் இல்லை. படலை சாத்துகிற சத்தம் கேட்டபோது முனவ்வறா சுவரோடு சரிந்து குந்தினாள்.

அந்தப் பாவத்துக்குப் பலன் கிடைத்திருந்தாலாவது ஒரு ஆறுதல் இருந்திருக்கும். ஏழு நாள் போகவில்லை, சுபைறாவுக்குப் பேசின வீட்டார் ஆள் அனுப்பினார்கள். மூத்த மருமகனை இறக்கின வீடு, என்ன நடந்தது என்று ஊரில் பலமாதிரிக் கதைக்கிறார்கள், அந்தப் பிரச்சினை ஒரு முடிவுக்கு வரட்டும், அதுவரை நிக்காஹைத் தள்ளி வைப்போம் என்றார்கள். எந்தக் கலியாணத்துக்காக வாயை மூடினாளோ, அது அவள் வாயை மூடியதாலேயே தள்ளிப்போனது. இனிச் சொல்லவும் முடியாது. சொன்னால் தள்ளிப்போனது முறிந்தேவிடும். காலிதீன் இதைக் கேட்டுவிட்டு ஜன்னலால் பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெமீலின் பஸ் வந்தது. அவன் கூரையில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான்.

டொக்டர் தந்த மருந்தை ஜெமீல் உம்முவிடம் கொடுத்தான். உம்மு அதைப் புடைவை மடிப்புக்குள் வைத்து நிந்தவூருக்குக் கொண்டுபோனாள்.

போடியார் விறாந்தையில் இருந்தார். மகளைப் பற்றிக் கேட்டதற்கு அப்படியேதான் கிடக்கிறாள் என்றார். பிறகு தன்னைத் தேற்றிக்கொள்வதுபோல ஒன்று சொன்னார்.

"ஒண்டு மட்டும் எனக்கு நிம்மதி, புள்ள. அவன் போன நாளில இருந்து வீட்டில ஒரு மூடியும் தளருதில்ல. போய்ப் பாருங்க. எல்லாம் இறுக்கமா இருக்கு."

உம்மு உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் தண்ணிப் போத்தல் நிறையத் தண்ணியோடு நின்றது. முனவ்வறாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. இறுக்கிக் கிடந்த அதன் மூடியில் பல் பதிந்த அடையாளம் இருந்தது. உம்மாவைக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டதற்கு, எத்தினை தரம் கூப்பிடுகிறது, ஒரு போத்தல் துறக்கவும் ஏலாதா என்று கேட்டால் என்ன சொல்கிறது என்றாள்.

உம்மு தண்ணியைப் பருக்கினாள். பிறகு குசினிக்குப் போய் டொனிக், எண்ணெய், சீனி, ஊறுகாய் என்று ஒவ்வொரு மூடியாக ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்தாள். வேறு ஒன்றும் அவளால் செய்ய முடியவில்லை.

பொட்டணத்தைத் தூக்கிக்கொண்டு உள்வாசல் சீலையைத் தாண்டவில்லை, பின்னால் சத்தம் கேட்டது. ஆசியா உம்மா "அல்லாஹ், இவன் போயும் விடுறான் இல்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டு, ஒவ்வொரு மூடியாகத் திருகி இறுக்கிக்கொண்டிருந்தாள்.